முற்றத்து விளக்கும் மூன்றாவது கம்பியும்

சங்கக் கட்டிடத்தின் முகப்பிலும், நூல் கிடங்கின் வாயிலிலும், நெற்களத்தின் ஓரத்திலும் இன்று மின்விளக்கு இல்லாத இடம் அரிது. இரும்புக் கம்பம் ஒன்றை நட்டு, அலுமினிய உறை கொண்ட விளக்கு ஒன்றை அதன் தலையில் பொருத்திவிட்டால் இரவு பகலாகிவிடுகிறது. விளக்கு எரிகின்றதா என்பதை எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறோம். அக்கம்பத்தைத் தொடும் கைக்குத் தீங்கு நேருமா என்று ஆராய்வோர் மிகச் சிலரே. கட்டிடத்துக்கு வெளியே நிற்கும் உலோக விளக்குகளுக்கு நில இணைப்பு, அதாவது வழக்கில் 'எர்த்' எனப்படுவது, எதற்காக வேண்டும், எவ்வாறு அமைய வேண்டும், எது போதாது என்பவற்றை அங்கத்தினர்களும் நிர்வாகக் குழுவினரும் அறிந்திருத்தல் அவசியம். ஆகையால் அவற்றை இங்கு விளக்க முற்படுகிறோம்.

அபாயம் எங்கே பிறக்கிறது?

வீட்டினுள் எரியும் விளக்குக்கும் வெளியே எரியும் விளக்குக்கும் உள்ள முதல் வேற்றுமை மழையாகும். நமது மாவட்டத்துக்குப் பருவமழை ஆண்டில் இருமுறை வருகிறது. ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்றும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குக் காற்றும் மழை கொணர்கின்றன. இடையில் கடும் வெயில். இவ்விரண்டுக்கும் மாறி மாறி ஆட்படும் விளக்கின் ரப்பர் வளையம் வெடித்து, உறைக்குள் நீர் புகுகிறது. கம்பத்தின் துளை விளிம்பில் உராய்ந்து கம்பியின் மேலுறை தேய்கிறது. மணக்குடி, முட்டம் போன்ற கரையோர ஊர்களில் கடற்காற்றின் உப்பு திருகாணிகளையும் இணைப்புகளையும் அரித்துவிடுகிறது. இவ்வாறு ஒரு நாள் 'பேஸ்' கம்பி உலோகத்தைத் தொட்டுவிடுமாயின் கம்பம் முழுவதும் மின்னேறி நிற்கும். ஆயினும் விளக்கு வழக்கம் போலவே எரியும். கண்ணுக்கு யாதொரு அறிகுறியும் தோன்றாது.

இது வெறும் கற்பனையன்று. 2023 ஜூன் 25 அன்று, புது டெல்லி ரயில் நிலையத்தருகே தேங்கிய மழைநீரைக் கடக்கையில் ஒரு மின்கம்பத்தைப் பற்றிய ஆசிரியை ஒருவர் மின்சாரம் தாக்கி உயிர் நீத்தார். 2024 ஜூலையில் அதே நகரின் பட்டேல் நகர் பகுதியில், மழைநீர் தேங்கிய தெருவில் இரும்புக் கதவொன்றைத் தொட்ட மாணவர் மாண்டார். சென்னை கொடுங்கையூரில் 2017 நவம்பர் 1 அன்று, தேங்கிய நீரில் கிடந்த மின்கம்பியால் இரு சிறுமிகள் பலியாயினர். மூன்றிலும் மழைநீர் உண்டு. மூன்றிலும் தம்மருகே அபாயம் நிற்பதை அறியாதவரே மாண்டனர்.

நம் அங்கத்தினர்களின் தொழிலை எண்ணிப் பார்த்தால் கவலை இன்னும் மிகும். வைகறையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்க்கும் நெசவாளரின் கையும் காலும் ஈரம், நூலும் ஈரம், நிற்கும் மண்ணும் ஈரம். பாவின் கயிற்றை அருகிலுள்ள விளக்குக் கம்பத்தில் கட்டுவதும் உண்டு. சாயப்பட்டறையின் தரை எந்நேரமும் நனைந்தே கிடக்கும். அந்நீரில் உப்பும் கலந்திருக்கும். கன்னிப்பூ அறுவடை மழையோடு போட்டியிட்டு நடப்பது. இரவிலே களத்து விளக்கின் கீழ் நெல்லை அள்ளுவோர் வெறுங்காலோடு ஈரக் களத்தில் நிற்பவர்கள்.

ஈரமான உடலின் மின்தடை ஏறக்குறைய 1000 ஓம் எனக் கொள்ளலாம். 230 வோல்ட்டில் அதனூடே பாய்வது சுமார் 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டாலே பற்றிய கையை விடுவிக்க இயலாதவாறு தசைகள் இறுகக்கூடும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நீடித்துப் பாய்ந்தால் இதயத்தின் துடிப்பே குலையக்கூடும். ஒரு சிறு விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்னோட்டத்தினும் குறைந்த அளவே உயிரைப் பறிக்கப் போதும் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

"கம்பம் மண்ணில்தானே நிற்கிறது?"

நில இணைப்பைப் பற்றிக் கேட்கும்போது நமக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை இதுவே: "இரும்புக் கம்பம் மண்ணில்தானே ஊன்றி நிற்கிறது? அதைவிட வேறு எர்த் எதற்கு?" கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்விடை தவறானது. ஏன் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

மண்ணும் மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் செம்பைப் போலக் கடத்தாது. 16 மில்லிமீட்டர் தடிமனும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள இரும்புத் தண்டை, 100 ஓம்-மீட்டர் தன்தடையுள்ள மண்ணில் முழுவதும் அறைந்து இறக்கினாலும், அதன் நிலத்தடை சுமார் 40 ஓம் இருக்கும். நமது விளக்குக் கம்பங்கள் அவ்வளவு ஆழம் இறங்குவதுமில்லை. டிரான்ஸ்பார்மரின் நில இணைப்புக்கு ஒரு 2 ஓம் சேர்த்துக்கொண்டால் மொத்தம் 42 ஓம். 230 வோல்ட்டை 42-ஆல் வகுத்தால் 5.5 ஆம்பியர்.

இந்த 5.5 ஆம்பியருக்கு 16 ஆம்பியர் பியூஸ் உருகாது. 6 ஆம்பியர் எம்.சி.பி. கூட விழாது. விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும், கம்பத்தில் ஏறத்தாழ 220 வோல்ட் நின்றுகொண்டேயிருக்கும். பொருள் நஷ்டமும் உண்டு. 5.5 ஆம்பியர் ஒரு நாள் முழுவதும் மண்ணில் கசிந்தால் 30 யூனிட் வீணாகும். கட்டணம் செலுத்தும் சங்கமாயின் அடுத்த பட்டியலில் அது தெரியவரும். கட்டணமின்றி மின்சாரம் பெறும் பம்புசெட்டிலும் கைத்தறிக் கூடத்திலும் அந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. அவ்விடங்களில் உள்ளோர் இரு மடங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும்.

வெட்டி எறியப்படும் பச்சைக் கம்பி

உலோக உறை கொண்ட விளக்கை வாங்கினால் அதிலிருந்து மூன்று கம்பிகள் வெளிவருவதைக் காணலாம். ஒன்று பேஸ், ஒன்று நியூட்ரல், பச்சை, அல்லது பச்சையும் மஞ்சளும் கலந்த மூன்றாவது கம்பி எர்த். நாம் பார்வையிடச் சென்ற சங்கங்கள் சிலவற்றில் இம்மூன்றாவது கம்பி விளக்கின் கழுத்திலேயே வெட்டி மடக்கப்பட்டிருந்தது. கட்டிடத்திலிருந்து கம்பம் வரை இரு கம்பிக் கேபிளே போடப்பட்டிருந்தமையால், அக்கம்பியை இணைக்க இடமில்லை. மீதப்பட்டது சில மீட்டர் செம்புக் கம்பியின் விலை. அந்த மிச்சம் சிக்கனமாகாது.

மூன்றாவது கம்பி விளக்கின் உறையிலிருந்து தொடங்கி, கம்பத்தின் அடியில் உலோகத்தோடு திருகாணியால் இணைந்து, கேபிளினூடே மெயின் போர்டு வரை அறுபடாமல் வந்து, சங்கத்தின் எர்த் குழியைச் சேர வேண்டும். இடையில் சுவிட்சோ பியூஸோ அதற்கு இருக்கலாகாது. கம்பத்துக்கு அருகே தனித் தண்டு ஒன்றை அறைந்து அதோடு நிறுத்திக்கொள்வது, மேலே கூறிய 40 ஓம் கணக்கையே மீண்டும் உண்டாக்குவதாகும். தண்டு அறைவதில் தவறில்லை; அதையும் மூன்றாவது கம்பியோடு சேர்க்க வேண்டும் என்பதே விதி.

சில எல்.இ.டி. விளக்குகளின் உறையைத் தொட்டால் பழுது எதுவும் இல்லாதபோதும் சுருக்கென்ற உணர்வு தோன்றும். உள்ளேயிருக்கும் மின் சாதனத்தின் வடிகட்டி மூலம் மிகச் சிறு மின்னோட்டம் உறைக்கு வருவதே காரணம். எர்த் இருந்தால் அது வழியே இறங்கிவிடும். ஆகவே அவ்வுணர்வு தோன்றுமாயின், எர்த் இல்லை அல்லது அறுந்துள்ளது என்று கொண்டு உடனே சோதித்தல் வேண்டும்.

நியூட்ரலை எர்த்தாகக் கொள்ளலாகாது

மூன்றாவது கம்பி இல்லாத இடத்தில் நியூட்ரல் கம்பியிலிருந்தே ஒரு துண்டை எடுத்து விளக்கின் உறையில் முடிந்துவிடும் வழக்கம் ஒன்று உண்டு. இது எர்த் இல்லாமையினும் கொடிது. வழியில் எங்கேனும் நியூட்ரல் அறுந்தால், விளக்கினூடே வரும் பேஸ் மின்சாரம் உறையிலும் கம்பத்திலும் ஏறிவிடும். வேறு பழுது எதுவும் வேண்டியதில்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது நமது மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அத்தகைய புயலுக்குப் பின் வரிகளையும் வீட்டு இணைப்புகளையும் புதிதாக இழுத்துக் கட்டும்போது, பேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிடக்கூடும். அவ்வாறு மாறினால் விளக்குகள் முன்போலவே எரியும். ஆனால் நியூட்ரலோடு முடியப்பட்ட உலோகம் யாவும் அக்கணமே பேஸாகிவிடும். ஆதலால் இவ்வழக்கத்தை முற்றிலும் விலக்குதல் வேண்டும். எந்தப் புயலுக்குப் பின்னரும், இணைப்பு மீண்டதும் வெளி விளக்குகளைச் சோதித்த பிறகே உபயோகத்துக்கு விட வேண்டும்.

பிணைப்பு என்பது யாது?

விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே இரும்புக் கதவோ, தகரக் கொட்டகையின் தூணோ, தண்ணீர்க் குழாயோ இருப்பதுண்டு. பழுதான நேரத்தில் கம்பம் ஒரு மின்னழுத்தத்திலும் கதவு வேறொரு மின்னழுத்தத்திலும் நின்றால், ஒரு கையால் கம்பத்தையும் மறு கையால் கதவையும் தொடுபவரின் மார்பு வழியே மின்சாரம் பாயும். அவ்விரண்டையும் தடித்த கம்பியால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் இரண்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். இடையில் நிற்பவருக்குத் தீங்கு பெரிதும் குறையும். இதுவே பிணைப்பு.

ஒருவர் ஒரே நேரத்தில் எட்டித் தொடக்கூடிய உலோகங்கள் எல்லாவற்றையும் இவ்வாறு பிணைத்தல் நலம். 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியோ, 8-ஆம் கேஜ் ஜி.ஐ. கம்பியோ இதற்கு ஏற்றது. இணைக்குமிடத்தில் வர்ணத்தையும் துருவையும் சுரண்டி நீக்கி, பளபளப்பான உலோகத்தின் மேல் இணைக்க வேண்டும். வர்ணத்தின் மேல் முறுக்கிய திருகாணி பார்வைக்கு மட்டுமே இணைப்பு. செம்பை நேரடியாக ஜி.ஐ. அல்லது அலுமினியத்தின் மேல் வைத்து முடுக்கினால் உப்புக் காற்றில் அவ்வுலோகம் விரைவில் அரிக்கப்படும். ஈயம் பூசிய முனையையும் எவர்சில்வர் வாஷரையும் இடையில் வைத்து, மேலே கிரீஸ் தடவுதல் வேண்டும்.

நல்ல எர்த் மட்டும் போதுமா?

இங்கே ஒரு முக்கியமான உண்மையைக் கூறியாக வேண்டும். நமது சிற்றூர் மின் இணைப்புகள் பலவற்றில் பேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டே கம்பத்திலிருந்து வருகின்றன. எர்த் நாமே தோண்டும் குழியாகும். ஆகவே கசியும் மின்சாரம் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப மண்ணைக் கடந்தே ஆக வேண்டும். சங்கத்தின் குழி மிகச் சிறப்பாக அமைந்து 5 ஓம் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்பார்மரின் 2 ஓம் சேர 7 ஓம். பாய்வது 33 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு உடனே விழாது. சூடேறி விழ ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை கம்பத்தில் 160 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

இக்குறையை நீக்குவது கடைகளில் ஆர்.சி.சி.பி. எனப் பெயர் பெற்ற கசிவுத் தடுப்புச் சாவியாகும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்பதை அது ஓயாமல் ஒப்பிடுகிறது. நமது கணக்கர் வரவையும் செலவையும் ஒப்பிடுவதைப் போன்றதே இதுவும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் கண்டால் இணைப்பைத் துண்டித்துவிடும். கம்பி முழுவதுமாக உலோகத்தைத் தொட்டுவிட்டால் 0.04 வினாடிக்குள் துண்டிக்கும். எம்.சி.பி. இவ்வேலையைச் செய்யாது. அது கம்பியைக் காப்பது, ஆர்.சி.சி.பி. மனிதரைக் காப்பது. இரண்டும் வேண்டும்.

அப்படியானால் சாவி ஒன்றே போதாதா, மூன்றாவது கம்பி எதற்கு என்று வினவலாம். சுவரில் பொருத்திய விளக்குக்கு மண்ணோடு தொடர்பே இல்லை. அதன் உறையில் மின்னேறினால் கசிவதற்கு வழியில்லாமையால் சாவி விழாது. ஒருவர் தொட்ட பின்பே விழும். அதாவது அவருடைய உடலே எர்த் ஆகிறது. மூன்றாவது கம்பி இருந்தாலோ, பழுது நேர்ந்த கணமே, ஒருவரும் தொடுமுன்னரே, சாவி விழுந்துவிடும். மேலும் சாவி ஒரு யந்திரம். நெடுநாள் அசையாதிருந்தால் ஒட்டிக்கொள்ளக்கூடும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அப்பொத்தான் சாவியை மட்டுமே சோதிக்கும், எர்த்தைச் சோதிக்காது என்பதையும் மறக்கலாகாது.

நமது மண்ணில் எர்த் குழி

இந்தியத் தர நிர்ணயத்தின் 3043-ஆம் எண் விதித்தொகுப்பு நில இணைப்பைப் பற்றியது. அதன்படி குழாய் எர்த்துக்கு ஜி.ஐ. குழாய் 2.5 மீட்டர் நீளத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குழி கட்டிடச் சுவரிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி அமைய வேண்டும். குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் அடுக்குவது பழைய முறை. உப்பு குழாயையே அரிப்பதால், ஈரத்தை இருத்திக்கொள்ளும் பென்டோனைட் களிமண்ணை இட்டு நிரப்பும் முறையும் இப்போது கையாளப்படுகிறது.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் நன்செய்க் களிமண் ஈரமுள்ளது. ஒரு குழியே நல்ல பலன் தரக்கூடும். கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் செம்மண் சரளை மேட்டிலும், கடற்கரையின் உலர்ந்த மணலிலும் அது போதாமற் போகலாம். அங்கே குழாயின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு இரண்டு மூன்று குழிகள் அமைத்து, ஒன்றாக இணைத்தல் வேண்டும். தடையை அளப்பதற்கு ஏற்ற காலம் மாசி, பங்குனி. மழைக்காலத்தில் அளந்தால் எல்லாக் குழியும் நல்ல குழியாகவே தோன்றும்.

எர்த் கொடுக்க இயலாத இடத்தில், சதுரத்துக்குள் சதுரம் பொறித்த இரட்டைக் காப்பு விளக்குகளை வாங்கலாம். அவற்றுக்கு எர்த் தேவையில்லை. 12 வோல்ட்டில் எரியும் சூரிய ஒளி விளக்குகளும் முற்றத்துக்கு ஏற்றவையே.

சங்கத்தின் பொறுப்பு

உலோக உறைகளுக்கு நில இணைப்பு வேண்டும் என்பது புதிய கட்டளையன்று. நமது மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு இணைந்த அதே 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே அது கூறப்பட்டது. அவ்விதிகளின் இடத்தில் மத்திய மின்சார ஆணையம் 2010-இல் புதிய பாதுகாப்பு விதிகளை வெளியிட்டு, 2023-இல் அவற்றைத் திருத்தி அமைத்தது. தெரு விளக்குகள் உள்ளாட்சியின் பொறுப்பு. ஆனால் மீட்டருக்கு இப்பால், சங்கத்தின் எல்லைக்குள் நிற்கும் ஒவ்வொரு கம்பமும் சங்கத்தின் பொறுப்பே. ஆகவே பின்வருவனவற்றை நிர்வாகக் குழு கவனித்தல் வேண்டும்:

1. வெளியே உள்ள உலோக விளக்குகள் எத்தனை என்று எண்ணிப் பட்டியல் எழுதுக. சாயப்பட்டறை, களம், கிணற்றடி விளக்குகளை முதலில் எழுதுக.

2. இரு கம்பிக் கேபிள் உள்ள இடங்களில் மூன்று கம்பிக் கேபிளாக மாற்றுக. சுவிட்ச் பேஸ் கம்பியில் உள்ளதா என்பதையும் பார்க்கச் செய்க.

3. வெளி விளக்குகளுக்குத் தனியே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று அமைத்திடுக. விளக்குகள் மிகுதியாயின் இரண்டு மூன்று பிரிவாக்குக. இன்றேல் பல விளக்குகளின் சிறு கசிவுகள் சேர்ந்து சாவி காரணமின்றி விழும்; சலிப்புற்ற ஒருவர் அதைக் கழற்றியே விடுவார்.

4. மின்சாரத்தை நிறுத்திய பின், கம்பத்தின் உலோகத்திலிருந்து போர்டின் எர்த் முனை வரை தடையை அளக்கச் செய்க. ஒரு ஓமுக்குக் குறைவாக இருத்தல் நலம்.

5. கம்பங்களில் பாவுக் கயிறோ, கொடிக் கயிறோ, மாடோ கட்டலாகாது என்று அறிவிப்பு வைத்திடுக.

6. இவ்வேலைகள் யாவற்றையும் அரசின் உரிமம் பெற்ற கம்பியாளரைக் கொண்டே செய்க. சோதனையும் அவரே செய்ய வேண்டும். அங்கத்தினர் தாமே முயலலாகாது.

இவற்றோடு ஒரு சிறு பதிவேடும் தேவை. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வரி. அளந்த தேதி, அளந்த ஓம், அளந்தவரின் உரிம எண், கண்ட குறை, அது தீர்க்கப்பட்ட நாள் என ஐந்து கட்டங்கள் போதும். மாதந்தோறும் நிர்வாகக் குழு கூடும் நாளில் ஆர்.சி.சி.பி.யின் பொத்தானை அழுத்திப் பார்த்து அப்பதிவேட்டில் செயலாளர் கையொப்பமிடலாம். அரை நிமிட வேலை. ரொக்க இருப்பை எண்ணிச் சரிபார்க்காமல் எந்தச் சங்கமும் கணக்கை முடிப்பதில்லை. விளக்கின் கீழே வேலை செய்வோரின் உயிரும் சங்கத்தின் பொறுப்பில் உள்ள இருப்பே. இந்த ஐப்பசி மழைக்கு முன்னர் ஒவ்வொரு சங்கமும் பட்டியலை எழுதி, பச்சைக் கம்பி வெட்டப்பட்டுள்ள விளக்குகளை மட்டுமாவது சீர் செய்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.